இரு பிள்ளைகளுக்கும் ஒரே ஆசான்

கட்டாயக் கல்வி! கேட்கும்போதே நெஞ்சு குளிரும் சொல். எல்லாப் பிள்ளைகளும் படித்தே தீரவேண்டும் என்று சட்டமே ஆணையிடுகிறது என்றால், அதனினும் பெரும்பேறு ஒரு நாட்டுக்கு வேறென்ன வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், வரலாற்றைப் புரட்டுவோர் முதலிலே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 'எல்லாப் பிள்ளைகளும்' என்றார்களே, அந்த எல்லாரிலே இடம்பெறாதவர் யார்? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஒன்றான மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கல்வி வரலாற்றைப் பார்ப்போம்.

அந்த மாநிலத்தின் பெருமை சிறிதல்ல. 1837-இல் அங்கே கல்விக் குழு அமைந்தது. ஹோரேஸ் மான் அதன் முதற் செயலாளரானார். ஏழை வீட்டுப் பிள்ளையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பள்ளியிலே அமரவேண்டும் என்று முழங்கியவர் அவர். பாடம் சொல்லித்தருவோர் தாமும் முறையாகப் பயிலவேண்டும் என்று, 1839-இல் லெக்சிங்டன் என்னும் ஊரிலே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கச் செய்தார். முதல் நாள் வந்த மாணவியர் மூவரே! 1852-இல் கட்டாயக் கல்விச் சட்டம் பிறந்தது. அமெரிக்காவிலேயே அதுதான் முதலாவது.

அந்தச் சட்டத்தின் ஓரத்திலே ஒரு விலக்கு. உடலோ உள்ளமோ இடம்தராத பிள்ளை வரத் தேவையில்லை என்று எழுதிவைத்தார்கள். பெற்றோரைத் தண்டத்திலிருந்து காக்கும் சலுகைபோலத் தோன்றிய அந்த வரி, பிள்ளையை வாயிலிலேயே நிறுத்திவைக்கும் தாழ்ப்பாளாகவும் பயன்படலாயிற்று.

பிரித்துவைப்பது அந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. பாஸ்டன் நகரிலே, கறுப்பினச் சிறுமி ஒருத்தி, வீட்டருகே வெள்ளையர் பள்ளிகள் இருந்தும் அவற்றைக் கடந்து தொலைவிலுள்ள கறுப்பர் பள்ளிக்கு நடக்கவேண்டியிருந்தது. தந்தை வழக்குத் தொடுத்தார். சார்லஸ் சம்னரும், கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிசும் வாதாடினர். 1850-இல் தீர்ப்பு வந்தது, வழக்குத் தோற்றது. ஆனால் மக்கள் கிளர்ச்சி ஓயவில்லை. 1855-இல் அந்தப் பிரிவினையைச் சட்டமன்றமே ஒழித்தது. நீதிமன்றத்திலே தோற்ற உரிமையை மக்கள் மன்றத்திலே வென்றெடுக்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் உடற்குறையும் அறிவுவளர்ச்சிக் குறையும் கொண்ட பிள்ளைக்கு அன்று கிளர்ச்சி செய்வார் எவருமில்லை.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் கல்வி உண்டு என்று அங்கே முதலிலே நிலைநாட்டியவர் சாமுவேல் கிரிட்லி ஹோவ். பார்வையற்றோருக்குப் பள்ளி நடத்திப் புகழ்பெற்ற அவர், 1848-இல் பத்துப் பிள்ளைகளைக்கொண்டு இந்த முயற்சியைத் தொடங்கினார். பிரான்சு நாட்டிலே இத்தகைய பிள்ளைகளுக்குப் புலன்வழிப் பயிற்சிமுறை கண்ட எடுவார்ட் சேகுயின் அமெரிக்கா வந்தபோது அவருடைய துணையும் கிடைத்தது. ஆனால் ஹோவ் போன்ற சீர்திருத்தக்காரரே, குறையுடைய பிள்ளை பிறப்பது பெற்றோர் இயற்கை விதிகளை மீறியதன் விளைவு என்று எழுதினார்! இங்கே 'முன்வினை' என்பார்கள். அங்கே 'மூத்தோர் பிழை' என்றார்கள். சொல் வேறு, பழி ஒன்றே. அறிவியல் வளர வளர அந்தப் பழி உதிர்ந்தது. பழியின் நிழலிலே எழுந்த சுவர்கள் எளிதில் உதிரவில்லை.

சுவரின் கேட்டை ஹோவே பின்னர் உணர்ந்தார். குறையுடையோரை ஓரிடத்திலே திரட்டி, உலகத்திலிருந்து ஒதுக்கிவைக்காதீர் என்று 1866-இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டாவியாவிலே, பார்வையற்றோர் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலேயே எச்சரித்தார். கேட்டார் யார்? அவர் தொடங்கிய பள்ளி, வால்தம் நகரிலே பெருநிலையமாகப் பருத்தது. ஃபெர்னால்ட் என்ற பெயர் பெற்றது. பள்ளி என்ற பெயர் நின்றது. பயிற்றும் நோக்கம் தேய்ந்தது. 1940-களிலும் 1950-களிலும் அங்கிருந்த சிறுவர்க்குக் கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து ஆராய்ச்சி செய்தனர் என்ற கொடுமை பின்னாளிலே அம்பலமாயிற்று. 2014-இலேதான் அந்த நிலையம் மூடப்பட்டது.

இதே காலத்திலே, மழலையர் கல்வி வேறொரு பாதையிலே நடந்தது. 1860-இல் எலிசபெத் பீபாடி பாஸ்டனிலே மழலையர் பள்ளி தொடங்கினார். 1888-இல் லூசி வீலாக், மழலையர் ஆசிரியைகளைப் பயிற்றும் வகுப்பைத் தொடங்கினார்; அது வளர்ந்து வீலாக் கல்லூரியாகி, 2018-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆக, குறையற்ற குழந்தைக்கு ஓர் ஆசிரியை, குறையுடைய குழந்தைக்கு வேறோர் ஆசிரியை, அவர்களுக்கு வெவ்வேறு பயிற்சி என்று இரு பாதைகள் வகுத்தாயிற்று.

இந்தப் பிரிவினை இயற்கையானதா? இத்தாலியிலே மருத்துவர் மரியா மாண்டிசோரி, சேகுயினின் நூலைக் கற்று, அவர் கண்ட கருவிகளை முதலிலே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் கையாண்டார். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பிலே மற்றப் பிள்ளைகளுக்கும் அவற்றைத் தந்தார். இன்று செல்வர் வீட்டுச் செல்லப் பிள்ளைகள் பயிலும் அந்த முறை, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்து கிடைத்த கொடை! ஒருவருக்கு ஏற்ற கல்வி மற்றவருக்கும் ஏற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் சுவர் நின்றது. 1893-இல் மாசசூசெட்ஸின் உச்சநீதி மன்றம், கேம்பிரிட்ஜ் நகரப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை விலக்கியது சரியே என்றது. அறிவு குன்றியவன், படிப்பால் பயன்பெறமாட்டான், பிறருக்கும் தொல்லை என்பது பள்ளியார் சொன்ன காரணம். அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தெரிந்தவர் எவரேனும் அங்கே இருந்தாரா என்ற கேள்வி தீர்ப்பிலே எழவில்லை.

இனத்தின் பேரால் பள்ளிகளைப் பிரிப்பது தவறு என்று 1954-இல் அமெரிக்க உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்ததும், குறையுடைய பிள்ளைகளின் பெற்றோர் அந்தத் தீர்ப்பையே ஆயுதமாக ஏந்தினர். எந்தப் பிள்ளைக்கும் கல்வியை மறுக்கலாகாது என்ற நிலை 1971-இல் பென்சில்வேனியா வழக்கிலும், 1972-இல் தலைநகர் வாஷிங்டன் வழக்கிலும் உறுதியாயிற்று. பாஸ்டனிலே ஹூபர்ட் ஜோன்ஸ் தலைமையிலான குழு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிற்பதை 1970-இல் ஊரறியச் செய்தது. 1972-இல் மாசசூசெட்ஸ், 766-ஆம் அத்தியாயம் எனப்படும் சட்டத்தை இயற்றியது. மூன்று வயது முதலே உரிமை என்றது அந்தச் சட்டம். 1974-இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே, நாடு முழுமைக்குமான சட்டம் எழுந்தது. மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகளின் உரிமையை எல்லா மாநிலங்களிலும் உறுதிசெய்யும் ஏற்பாடு 1986-இலே வந்தது.

கதவு திறந்தது, பிள்ளை உள்ளே வந்துவிட்டது. உள்ளே நிற்கும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையோடு பேசத் தெரியவேண்டாமா? பேச்சு வராத பிள்ளையின் கண்ணசைவைப் படிக்கவும், ஒரே விளையாட்டிலே இருவரையும் சேர்க்கவும் அன்பு மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். அதனால்தான் இன்று அந்த மாநிலத்திலே, மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்புவரை கற்பிக்கும் ஆசிரியர் உரிமத்தின் பெயரே 'குறையுடைய, குறையற்ற மாணவர்களின் ஆசிரியர்' என்று அமைந்திருக்கிறது. உரிமம் ஒன்று, பிள்ளைகள் இரு சாராரும்! அதைப் பெற, தேர்வுகளோடு 300 மணி நேர வகுப்பறைப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நடக்கும் இடங்களில் ஒன்றிலேனும் குறையுடைய பிள்ளைகள் இருந்தாகவேண்டும் என்பது விதி. பின்னர் நிலையான உரிமம் பெறுவதற்கு முதுகலைப் படிப்பு ஒரு வழியாக அமைகிறது. 1893-இலே எழாத கேள்விக்கு, உரிமத்தின் தலைப்பே விடை சொல்கிறது.

முழு வெற்றி என்று முரசு கொட்டிவிடலாமா? கூடாது. அந்த உரிமம் அரசுப் பள்ளிகளுக்கானது. தனியார் குழந்தைக் காப்பகங்களிலே அதைக் கேட்பதில்லை. அங்கே தகுதியும் குறைவு, ஊதியமும் குறைவு. மூளை விரைந்து வளரும் பருவத்துப் பிள்ளையை, நாடு மிகக் குறைந்த கூலிக்குப் பணிசெய்வோரிடம் ஒப்படைக்கிறது. முதுகலைப் படிப்புக்குப் பெருந்தொகை செலவிட்டு வருபவர், கூடுதல் ஊதியம் கிடைக்கும் மேல்வகுப்புகளை நாடிச் செல்வதிலே வியப்பென்ன?

தோழர்களே! உரிமை ஏட்டிலே எழுதப்பட்ட அன்றே வந்துவிடுவதில்லை. அதைப் பிள்ளையின் கையிலே கொண்டுசேர்ப்பவர், பயின்ற ஓர் ஆசான். ஆகவே, 'எல்லாருக்கும் கல்வி' என்று எந்த அரசு எங்கே சொன்னாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்த எல்லாரிலே விடுபட்டவர் யார்? அவர் வந்தால் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், முதல் கேள்விக்குத் தந்த விடை வெறும் வாய்ப்பந்தலே!