இல்லத்துப் பிள்ளையும் வீட்டுப் பிள்ளையும்

திருகோணமலை நகருக்கு வெளியே கப்பல்துறை என்றோர் ஊர் உண்டு. இயற்கைத் துறைமுகத்தின் பெருமையைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர் அது. இத்துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் பொருதிய கதை நூல்களில் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசிய கதையும் உண்டு. ஆனால் இத்துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் தாயையும் தந்தையையும் இழந்து வளர்ந்த பிள்ளைகளின் வரலாற்றைக் கோவையாக எழுதியவர் அரிது. கலவரம், போர், ஆழிப்பேரலை என ஒன்றன்பின் ஒன்றாக வந்த பேரிடர்கள் ஒவ்வொன்றும் அத்தகைய பிள்ளைகளை விட்டுச் சென்றன. அவர்களை யார் வளர்த்தார்கள்? இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை 'சிறுவர் இல்லங்கள்' என்பது. அந்த விடை பாதி உண்மை மட்டுமே.

கிழக்கில் இல்லம் என்ற எண்ணத்துக்குக் கௌரவமான தொடக்கம் உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். இராமகிருஷ்ண மிஷனின் சார்பில் அவர் பொறுப்பேற்ற பாடசாலைகளுள் திருகோணமலை இந்துக் கல்லூரியும் ஒன்று. 1929இல் மட்டக்களப்புக் கல்லடியில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அதனோடு சேர்ந்து வளர்ந்த மாணவர் இல்லத்தில் பெற்றோரை இழந்தவர்களும் வறிய கிராமங்களின் பிள்ளைகளும் தங்கிப் படித்தனர். யாழ் நூலை எழுதிய பேரறிஞரை நாடறியும். அவர் ஏழைச் சிறுவரின் உணவுக்கும் உடைக்கும் பொருள் தேடிய மனிதராகவும் இருந்தார்.

அக்காலத்தில் இல்லம் ஏன் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல பாடசாலை தொலைவில் இருந்தது. அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. கொட்டியாரத்து வயற்கரையிலோ படுவான்கரையிலோ பிறந்த ஏழைச் சிறுவனுக்குக் கல்வியின் வாசலை அடைய விடுதியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பின்னர் கிராமந்தோறும் பாடசாலைகள் பெருகின. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதற்கான முதன்மைக் காரணம் இதனால் மெல்ல மெல்ல விலகியிருக்க வேண்டும். இல்லங்களோ குறையவில்லை, பெருகின.

சட்டங்களும் இதே காலத்தவையே. சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் 1939இலும், அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டமும் 1941இலும் இயற்றப்பட்டன. அவற்றின் நோக்கம் நல்லது, நடைமுறை வேறாயிற்று. 1980களில் ஆயிரக்கணக்கான இலங்கைக் குழந்தைகள் மகவேற்பு என்ற பெயரில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். வறிய தாய்மாரிடமிருந்து குழந்தைகள் பணத்துக்குப் பெறப்பட்டதும், போலித் தாய்மார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டதும் பின்னர் அம்பலமாயின. சுவிற்சர்லாந்து அரசாங்கம் 2020இல் தன் தரப்புத் தவறுகளை ஒப்புக்கொண்டது. பல நாடுகளில் நடந்த முறைகேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கையை அடுத்து, நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. ஆராயப்பட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 'அநாதைக் குழந்தை' எனத் தரப்பட்ட பலருக்குத் தாய் உயிரோடிருந்தாள் என்பதே இந்தக் கதையின் சாரம்.

போர்க்காலத்தில் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. 1983இன் பின்னரும், குறிப்பாக 1990 யூன் மாதத்தின் பின்னரும், கிழக்கில் ஆண்கள் கொல்லப்பட்டனர். கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமலும் போயினர். தந்தை காணாமற்போன பிள்ளை எந்தப் பட்டியலில் சேரும்? மரணச் சான்றிதழ் இல்லை. ஆதலால் தாய் விதவையுமல்ல, பிள்ளை தந்தையற்றதுமல்ல. காணாமற்போனோருக்கெனத் தனிச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு 2016இலேதான் சட்டமாயிற்று. அதற்குள் 1990இல் கைக்குழந்தையாக இருந்தவர் 26 வயதை எட்டிவிட்டார். காவலற்ற சிறுவர் மீது ஆயுதந் தாங்கியோரின் கண்ணும் விழுந்தது. கிழக்கில் விடுதலைப் புலிகளும், பின்னர் கருணா குழுவினரும் சிறுவரைச் சேர்த்ததை யுனிசெப் பதிவு செய்துள்ளது. பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகவே இல்லத்தில் ஒப்படைத்த தாய்மாரும் உண்டு. அவர்களைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை.

அதே போர்க்காலத்தில் வேறொரு வழியும் முயலப்பட்டது. 1996இல் மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வருவர். மண்ணில் உருவங்கள் செய்வர், படம் வரைவர், கதை கட்டுவர், நாடகம் ஆடுவர். மாலையில் தத்தம் வீடுகளுக்குத் திரும்புவர். அங்கே கட்டில்கள் இல்லை என்பதே அதன் சிறப்பு. பிள்ளையின் மனக்காயத்தைக் கவனிப்பதற்கு அதனைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்பதை அந்தப் பூங்கா செய்து காட்டியது.

2004 திசெம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை வந்தது. கிண்ணியா வைத்தியசாலை நோயாளரோடு அழிந்தது. திருகோணமலைக் கரையிலிருந்து பொத்துவில் வரை கடலோரக் குடியிருப்புகள் சிதைந்தன. அந்த வாரங்களில் பத்திரிகைக் காரியாலயங்களுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த அழைப்புகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்டது: "ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாமா?" கேட்டவர்களின் மனம் நல்ல மனம். எனினும் அரசாங்கம் 2005 சனவரியில் ஆழிப்பேரலைப் பிள்ளைகளின் மகவேற்பைத் தடை செய்தது. அது சரியான முடிவு என்பதைக் கல்முனையின் '81ஆம் இலக்கக் குழந்தை' உணர்த்தியது. வைத்தியசாலையில் தனியே சேர்க்கப்பட்ட அந்தக் குழந்தைக்கு ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலக ஊடகங்கள் எழுதின. உண்மையில் முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே தம்பதியர். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என உறுதி செய்தது. உலகமே அநாதை என நினைத்த குழந்தைக்குத் தாயும் இருந்தாள், தந்தையும் இருந்தார்.

இருவரையும் இழந்த பிள்ளைகளை யார் ஏற்றனர்? பெரும்பாலும் அம்மம்மாவும் பெரியம்மாவும் சித்தியுமே. இதற்குக் கிழக்கின் சமூக அமைப்பில் ஒரு காரணம் உண்டு. கொட்டியாரத்திலிருந்து அக்கரைப்பற்று வரை, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் அங்கே வந்து வாழ்வான். ஆகவே சகோதரிகள் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருப்பர். தாயை இழந்த பிள்ளைக்கு அவளுடைய சகோதரி வேலிக்கு அப்பால் இருக்கிறாள். 'தாய் செத்தால் தகப்பன் சிற்றப்பன்' என்பது பழமொழி. ஆழிப்பேரலையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக மாண்டனர் என்பதால், அப்பழமொழியின் கசப்பு இக்கரையில் பல வீடுகளில் உணரப்பட்டது. தந்தையர் மறுமணம் செய்தனர். பிள்ளைகளைத் தாய்வழி உறவு தாங்கியது.

அதே ஆண்டு இயற்றப்பட்ட ஆழிப்பேரலை விசேட ஏற்பாடுகள் சட்டம், இத்தகைய வளர்ப்புப் பெற்றோருக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு இப்பிள்ளைகள் பற்றிய பொறுப்பும் தரப்பட்டது. ஆனால் நன்கொடைப் பணத்துக்குக் கட்டடங்களில்தான் விருப்பம். கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. அம்மம்மாவின் குடிசையில் பெயர்ப்பலகை தொங்கவிட முடியாது. 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பின்னர் கிளிவெட்டி முகாம்களுக்குச் சென்றபோதும் இதுவே கதை. 2015இல் காணிகள் விடுவிக்கப்படும்வரை பல ஆண்டுகள் அங்கே பிள்ளைகள் தகரக் கூரையின் கீழ், பெரும்பாலும் உறவினரின் நிழலிலேயே வளர்ந்தனர்.

'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2005இல் வெளியிட்ட ஆய்வு நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும். இலங்கையின் தனியார் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 92 பேருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருந்தனர். நூற்றுக்கு 40க்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் வறுமை. இது புதிய ஞானமும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் இலண்டனில் சிறுவர் காப்பகம் நடத்திய அன்னா பிராய்ட், குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்த துயரே பிள்ளைகளை அதிகம் தாக்குவதைக் கண்டு எழுதினார். வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகக் கூடாது என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டிகள் சொல்கின்றன.

புலம்பெயர்ந்த வாசகர்கள் பலர் பிள்ளையின் பிறந்தநாளிலும் பெற்றோரின் ஆண்டுத் திதியிலும் ஊரிலுள்ள இல்லமொன்றுக்கு ஒருநாள் உணவு வழங்குகின்றனர். அந்தக் கை நிற்க வேண்டாம். எந்த உறவும் இல்லாத, அல்லது உறவினராலேயே துன்புற்ற பிள்ளைக்கு நல்ல இல்லம் இன்றும் தேவை. ஆனால் இல்லத்தின் பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்குள்ளோரில் எத்தனை பேருக்குத் தாய் உண்டு? அவள் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க மாதம் எவ்வளவு தேவை? பெரும்பாலும் அத்தொகை பெரிதாக இராது. சீருடை, சப்பாத்து, பஸ் கட்டணம், காலைச் சாப்பாடு, பேத்தியை வளர்க்கும் மூதாட்டிக்கு மருந்து. இவற்றை ஓராண்டு அல்ல, பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்வரை தருவதே உதவி. அதனை நேரடியாகப் பணமாக அனுப்பாமல், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் பாடசாலை அதிபருக்கும் தெரியச் செய்வது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அலை எதுவும் வரவில்லை. ஆயினும் சோறு போட வழியின்றிப் பிள்ளைகளை இல்லங்களில் விட முயன்ற பெற்றோரைப் பற்றிய செய்திகள் அவ்வாண்டில் வந்தன. அப்பிள்ளைகளுள் எவரும் அநாதையல்லர். இல்லத்தின் பதிவேட்டில் ஒரு பெயர் கூடும் முன்னர் அந்தத் தாயின் வீட்டு அடுப்பு எரிய நாம் செய்யக்கூடியது என்ன என்று கேட்பதே, விபுலாநந்தரின் கருணைக்கு இன்று நாம் செய்யும் நியாயம்.