காவலியின் கசிவு

மின்சாரத்தைத் தம்முள் பாயவிடாத பொருள்களைக் காவலிகள் என்பர். மெழுகு, அம்பர், பிளாஸ்டிக் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. கதிர்வீச்சின் முன்னே இக்காவல் தளரும் என்பது புதிய செய்தியன்று. 1896ஆம் ஆண்டிலேயே, எக்ஸ் கதிர் ஊடுருவும் பொருள் யாவும் மின்கடத்தியாகும் என்றார் ஜே. ஜே. தொம்சன். 1903இல் பெக்கரல், ரேடியக் கதிர் பட்ட பரபின் மெழுகு கதிர் நீங்கிய பின்னரும் மின்னைக் கடத்துவதைக் கண்டார்.

அறிஞர் சிலரின் வியப்பாகக் கிடந்த இதனை இடராக்கியது வைத்தியசாலையே. புற்றுநோயாளிக்குச் செலுத்தும் கதிரின் அளவை அறிய, சிற்றறையொன்றில் அக்கதிர் உண்டாக்கும் மின்னேற்றத்தை அளப்பர். அவ்வேற்றம் மிகச் சொற்பமானது. அது சிதறாமற் காக்க வேண்டியது காவலி. பொலிஸ்டைரீன் என்னும் சிறந்த காவலியும் கதிர் பட்டதும் கசிகிறது என்று 1942இல் 'நேச்சர்' இதழில் எழுதினார் பாமர் என்னும் ஆங்கிலப் பௌதிகர். கதிர் நின்றதும் அக்கசிவு மறைந்துவிடவுமில்லை. அளவுகோலே வளைந்தால் அளவை நம்புவதெங்ஙனம்? அப்பிழை நோயாளியின் உடலிலன்றோ போய் முடியும்!

இதன் காரணத்தைத் துருவி ஆராய்ந்தவர் பவுலர். பொலித்தீன் முதலியவற்றில் தாம் செய்த பரிசோதனைகளை அவர் 1956இல் வெளியிட்டார். கதிரானது அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பெயர்த்துவிடுகிறது. பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளோ ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பவை. ஆதலின் இலத்திரன்கள் ஆங்காங்கே பள்ளங்களில் விழுந்து சிக்குகின்றன. வெப்பத்தின் அசைவு அவற்றை மெல்ல மெல்ல வெளியேற்றுகிறது. கசிவு நீடிப்பதன் மருமம் இதுவே. கதிரின் வீதம் இரட்டித்தால் கடத்துதிறனும் இரட்டிக்கும் என்பதற்கில்லை. அது அவ்வீதத்தின் அரை அடுக்குக்கும் முதல் அடுக்குக்கும் இடைப்பட்டு உயர்கிறது.

வைத்தியசாலையில் பகையாயிருந்த இக்கசிவு, விண்வெளியில் நட்பாயிற்று. செய்மதிகளைப் போர்த்தும் பிளாஸ்டிக் படலங்களிலும் உள்ளிருக்கும் காவலிகளிலும் விரைவான இலத்திரன்கள் புகுந்து தங்குகின்றன. அக்கதிரே தூண்டும் கசிவு அவ்வேற்றத்தைச் சிறிது சிறிதாக வடிக்கிறது. வடிவதினும் சேர்வது மிகுந்தாலோ மின்பொறி பாயும். 1994 ஜனவரி 20ஆம் நாள் கனடாவின் அனிக் ஈ1, ஈ2 என்னும் செய்மதிகள் இவ்வாறே நிலை குலைந்தன. முன்னது சில மணி நேரத்தில் மீண்டது. பின்னதை மீட்கப் பல மாதங்கள் சென்றன. வெளிப்புறப் படலங்களின்மேல் மின்கடத்தும் மென்பூச்சொன்றை இடுவதும், உள்ளே முற்றிலும் கசியாத காவலிகளைத் தவிர்ப்பதும் இன்று செய்மதி அமைப்போர் கைக்கொள்ளும் வழிகள்.