ராணியின் ஊரில் ஒரு பகலும் ஓர் இரவும்

நண்பர்களும் குடும்பத்தாருமாக ஒரு நகரை அனுபவிப்பது என்றால் என்ன? காலையில் அருங்காட்சியகம், நண்பகலில் நல்ல சாப்பாடு, மாலையில் ஏதேனும் ஒரு கலை நிகழ்ச்சி. சென்னைவாசிகளுக்கு இதில் சிரமமில்லை. ஆனால் இராணிப்பேட்டைக்குப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது கேட்டவர்கள் அனைவரும் ஒரே வினாவைத்தான் எழுப்பினார்கள்: "அங்கே என்ன இருக்கிறது, தோல் ஷாப்பைத் தவிர?" இக்கட்டுரை அந்த வினாவுக்கு எங்களால் இயன்ற விடை.

நாங்கள் இறங்கிய இடமே வரலாற்றில் இடம்பெற்றது. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, ராயபுரத்தில் புறப்பட்ட வண்டி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடி நின்ற இடம் வாலாஜா ரோடு. பட்டணத்துக்காரர்கள் இரயிலேறி வெளியூர் பார்க்கப் போகும் வழக்கம் தென்னாட்டில் இந்த வழித்தடத்தில்தான் தொடங்கியது எனலாம்.

அருகிலுள்ள வாலாஜாப்பேட்டை, நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய நெசவாளர் ஊர். தியாகராஜரின் மாணவர்களுள் முதன்மையான வேங்கடரமண பாகவதர் (1781–1874) அய்யம்பேட்டையிலிருந்து இங்கே குடிபெயர்ந்தார். சௌராஷ்டிர சமூகத்தவரான அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகளும் கையேடுகளும் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் உள்ளன. தியாகராஜரின் உருப்படிகள் நமக்குக் கிடைத்த முக்கியமான வழிகளுள் இதுவும் ஒன்று. தியாகராஜர் இந்த ஊருக்கு வந்தபோது நிகழ்ந்த ஊர்வலத்தைக் கண்டு மைசூர் சதாசிவ ராவ் தோடியில் ஒரு கீர்த்தனை இயற்றினார் என்பது இசைவாணர் மரபு சொல்லும் செய்தி. மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை செல்பவர்கள், அங்கே கேட்பவற்றுள் சில இந்தத் தறி ஓசைக்கு நடுவே காப்பாற்றப்பட்டவை என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இனி ஊர்ப் பெயருக்கு வருவோம். செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேஜ் சிங், அதாவது நம் கதைப்பாடல்களின் தேசிங்கு ராஜன், 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்டான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக, வென்ற நவாபே பாலாற்றின் வடகரையில் ஒரு பேட்டையை அமைத்து அதற்கு ராணியின் பெயரை வைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இதற்கு 1771 என்று ஆண்டு கொடுக்கும் குறிப்புகள் உண்டு. அது பொருந்தாது. சாதத்துல்லா கான் 1732லேயே இறந்துவிட்டார். நவாப் பெயர் சரியென்றால் ஆண்டு தவறு. ஆண்டு சரியென்றால் நவாப் வேறொருவர். ஊர் உருவான கதையை 1714க்கும் 1732க்கும் இடையில் வைப்பதே முறை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வென்றவன் தோற்றவனின் மனைவிக்கு ஊர் எடுத்தான் என்பதைக் கேட்டதும் எங்களுடன் வந்த சிறுமி, "அந்த ராணி பெயர் என்ன?" என்றாள். ஊர் அவளை ராணி என்றுதான் சொல்கிறது. உயிரோடு எரிந்த ஒருத்தியின் பெருமையைப் பேசி மகிழ்வது நம் காலத்துக்கு உரியதன்று. அவளை மறந்துவிடுவதும் முறையன்று. பெயர்ப்பலகை ஒவ்வொன்றிலும் அவள் நிற்கிறாள்.

பாலாற்றுப் பாலத்தைக் கடந்து தென்கரை சென்றால் ஆற்காடு. நவாபுகளின் கோட்டையில் மிஞ்சியிருக்கும் டெல்லி கேட் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. 1751இல் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். வாயிலின் மேலுள்ள அறையைக் கிளைவின் அறை என்கிறார்கள். நவாபுகள் ஓய்வுக்கும் விருந்துக்கும் அமைத்த தோட்டமோ வடகரையில். நவலாக், அதாவது ஒன்பது இலட்சம் மரங்கள் கொண்ட தோப்பு என்ற பெயர் ஊர்ப் பெயராக இன்றும் வழங்குகிறது. ஒருவர் சொல்லி ஒன்பது இலட்சத்தை எண்ணியவர் யார் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். ஆனால் அத்தனை மரத்துக்கும் தண்ணீர் தர அன்று ஆறு இருந்தது என்பது சிரிப்புக்குரியதன்று.

ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்காமல் திரும்புவது தகாது. உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்து, பொரித்து, பாகில் ஊறிய இந்த உருண்டை நவாப் அரண்மனைச் சமையற்கட்டின் எச்சம் என்று நம்பப்படுகிறது. அதைச் சுவைத்தபடியே வேலூருக்குப் புறப்பட்டோம்.

வேலூர்க் கோட்டை ஒரு நாள் முழுவதையும் கேட்கும் இடம். அகழி, சலகண்டேசுவரர் ஆலயம், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாதிருந்த ஆலயத்தில் 1981இல்தான் மீண்டும் இலிங்கம் நிறுவப்பட்டது. கல்யாண மண்டபத் தூண்களின் குதிரைகளுக்கும் யாளிகளுக்கும் முன்னால் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவது எளிதாயில்லை.

அரசு அருங்காட்சியகத்தில் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்த பொருள் ஒன்று உண்டு. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகை. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, மறு ஆண்டு குடும்பத்துடன் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டவன் அவன். 1832 ஜனவரி 30இல் இறக்கும் வரை இந்தக் கோட்டையே அவன் சிறை. பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவன் நினைவிடம். மதுரை நாயக்கர் வழிவந்தவன் ஆதலால் தாய்மண்ணுக்கே கைதியாகத் திரும்பினான் என்றும் சொல்லலாம். ஆட, உண்ண, உறங்க எல்லாவற்றுக்கும் வசதி இருந்தது, வெளியே போக மட்டும் வழியில்லை. "யாரோடு விளையாடியிருப்பார்?" என்றான் எங்கள் கூட்டத்துச் சிறுவன். அருங்காட்சியகக் குறிப்பு அட்டைகள் இப்படிப்பட்ட வினாக்களுக்கு விடை சொல்வதில்லை.

அவனுக்கு முன்னரே 1799 முதல் திப்புவின் குடும்பத்தார் இங்கே சிறைவைக்கப்பட்டிருந்தனர். 1806 ஜூலை 9இல் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் திருமணக் கொண்டாட்டம். மறுநாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். சமயச் சின்னம் இடாதே, தாடியை ஒழுங்கு செய், புதுத் தலைப்பாகை அணி என்ற கட்டளைகள்தாம் உடனடிக் காரணம். அந்தத் தலைப்பாகையில் ஒரு தோல் குஞ்சம் இருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்து, இசுலாமியச் சிப்பாய்கள் இருசாராரையும் ஒன்றாக்கியது. தோலுக்குப் பெயர்போன இவ்வட்டாரத்தில் தோல் அரசியலானது அதுவே முதல்முறை போலும்!

இங்கேயும் ஒரு விருந்து குறுக்கிடுகிறது. ஆற்காட்டுக் குதிரைப்படை முகாமின் தலைவன் கில்லெஸ்பி, கோட்டைத் தலைவன் ஃபேன்கோர்ட்டின் நண்பன். 9ஆம் தேதி இரவு விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தான். அலுவல் கடிதம் ஒன்றால் போக முடியவில்லை. மறுநாள் காலை உணவுக்காவது போய்ச் சேரலாம் என்று குதிரையேறினான். வழியில் எதிர்ப்பட்டவர் சொன்ன செய்தி, கோட்டை சிப்பாய்கள் கையில் என்பது. ஃபேன்கோர்ட் அதற்குள் கொல்லப்பட்டிருந்தார். கில்லெஸ்பி குதிரைப்படையைத் திரட்டி வந்து நடத்திய பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். அந்தப் படை தங்கியிருந்த முகாம் பாலாற்றின் வடகரையில், அதாவது இன்றைய இராணிப்பேட்டைப் பகுதியில் இருந்தது. ஒரு விருந்துக்குக் குறித்த நேரத்தில் போயிருந்தால் வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று யோசிப்பது வீண்தான். ஆனாலும் அகழிக்கரைப் புல்வெளியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள் யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

நண்பகலுக்கு ஆம்பூர். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் விழுது, தயிர், இறைச்சி, அதன்மேல் தம். துணைக்குக் கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். ஐதராபாத் பிரியாணியின் நறுமணப் படாடோபம் இதில் இல்லை. நவாப்களின் சமையற்காரர் வழிவந்தவர்கள் கடை வைத்துப் பரப்பியது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. பெரிய செம்பு அண்டாவின் மூடி திறக்கும் நேரத்தில் கடைவாயிலில் நிற்பதே ஒரு கலை நிகழ்ச்சிதான்.

ஆனால் இந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு; அது அண்மைக்காலத்தது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணங்காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. மாட்டுத்தோலால் செழித்த ஊர்களில், அந்தத் தோலைக் கையால் தொட்டு வேலை செய்தவர்களின் உணவு மட்டும் விருந்துப் பந்தியில் ஒதுக்கப்படுமானால், நாம் எதைக் கொண்டாடுகிறோம்? பந்தியில் யார் அமர்கிறார்கள் என்பதும் சமையல் வரலாற்றின் பகுதியே.

குடிக்கத் தண்ணீர் கேட்டோம். கேன் தண்ணீர் வந்தது. ஆறு பக்கத்தில் இருக்க, தண்ணீர் விலைக்கு வரும் ஊர்! ஒரு காலத்தில் ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் தோல் பதனிட்டார்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலையே ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தபின் குரோமியப் பதனீடு பெருகியது. அந்நியச் செலாவணி வந்தது. ஆயிரமாயிரம் பேருக்கு, குறிப்பாகக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு, வேலை கிடைத்தது. கிணறுகளும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண்நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போனதென்ற கணிப்பு அதில் இடம்பெறுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்தத் தீர்ப்பால். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அருங்காட்சியகத்தில் மன்னனின் சதுரங்கம் இருக்கிறது. தோலைச் சுரண்டிய கத்தி, சுண்ணாம்புக் குழி, ஆவாரம் பட்டை, சுழலும் மர உருளை, அந்தப் பத்துப் பேரின் பெயர்கள், இவற்றுக்கான ஓர் அறை எங்கள் கண்ணில் எங்கும் படவில்லை. அப்படியொன்று அமையுமானால் அதுவே இவ்வட்டாரத்தின் உண்மையான அருங்காட்சியகமாக இருக்கும்.

இரவு கூத்து. வட ஆற்காட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் பத்து நாள், பதினெட்டு நாள் எனத் தொடரும். நாங்கள் சென்றது ஆற்காட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு. இருக்கை எண் இல்லை, சீட்டு இல்லை. பாயும் போர்வையும் கொண்டு போனால் போதும். கட்டியக்காரன் வந்து எங்களையெல்லாம் கேலி செய்துவிட்டுப் போனபின், திரைக்குப் பின்னிருந்து முகவீணையும் மிருதங்கமும் முழங்க வேடம் வெளிப்பட்டது. புஜக்கட்டையும் கிரீடமும் அணிந்த துரியோதனன் சுழன்றாடியபோது, பகல் முழுவதும் தொலைபேசியை நோண்டிய பிள்ளைகள் வாய் பிளந்து அமர்ந்திருந்தார்கள். பாட்டிமார்களோ அடுத்து என்ன வருமென்று தெரிந்தும் கண்ணீர் விட்டார்கள். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை வளர்த்த இக்கலையைக் கண்டுதான் ந. முத்துசாமி நம் நவீன நாடகத்துக்குப் புதிய வழி கண்டார் என்பது இலக்கிய வாசகர்கள் அறிந்ததே.

விடியலில் படுகளம். மண்ணால் செய்த பேருருவத் துரியோதனன் தரையில் கிடக்க, திரௌபதி கூந்தல் முடிந்தாள். மாலையில் தீமிதி நடக்குமென்றார்கள். திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாகக் கருதப்படுவது செஞ்சியை அடுத்த மேலைச்சேரி. நம் ராணியும் செஞ்சியிலிருந்தே வந்தாள். ஒருத்தி தீயில் பிறந்தவள். மற்றவள் தீயில் மறைந்தவள். திரௌபதிக்குக் காவலாகப் பல கோயில்களில் நிற்கும் முத்தால ராவுத்தர் ஓர் இசுலாமியர். தேசிங்கின் கதைப்பாடலிலும் தன் திருமணப் பந்தலை விட்டெழுந்து நண்பனோடு போர்க்களம் புகுந்தவன் ஓர் இசுலாமியனே. நூலோர் இவற்றுக்கிடையே தொடர்பு காணலாம், காணாமலும் போகலாம். கூத்துக்களத்தில் பாய் விரித்து அமர்ந்தவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத செய்தி.

திரும்பும் வழியில் பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். கீழே மணலும் முட்புதரும். சிறுமி கையிலிருந்த கடைசி மக்கன் பேடாவைப் பாதியாகப் பிட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "இதில் எப்போது தண்ணீர் வரும்?" எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்ட சென்னை நண்பர்களுக்கு இப்போது எங்களிடம் விடை உண்டு. இந்தச் சிறுமிக்குத்தான் இன்னும் இல்லை.