ஜே கே பி ஓ அரைப்புள்ளி

தொண்ணூறுகளில் திருப்பூரில் டிடிபி சென்டர் நடத்தியவர்களுக்கு இந்தத் தலைப்பு உடனே புரியும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க, விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். பழைய தமிழ் டைப்ரைட்டரில் விரல் பழகிய அதே இடங்கள். அதனால்தான் டைப்பிஸ்ட்டுகள் சிரமமில்லாமல் கணினிக்கு மாறினார்கள். கல்யாணப் பத்திரிகை, பனியன் கம்பெனி சங்க நோட்டீஸ், டியூஷன் வினாத்தாள் எல்லாம் இப்படித்தான் தயாராயின.

திரையில் தெரிந்தது தமிழ். கணினிக்குள் இருந்தது ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின் மேல் தமிழ் எழுத்துப் படம் ஒட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். கண்ணால் படிப்பவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. பார்வையற்ற மாணவரின் நிலை வேறு. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளுக்கு எழுத்தின் படம் தெரியாது. உள்ளே இருக்கும் குறிதான் தெரியும். பாமினியில் அடித்த சரித்திரப் பாடத்தைக் கொடுத்தால், ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும் கலந்து ஒப்பிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரெயில் இந்தச் சிக்கலை எப்போதோ கடந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் மிஸ் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1890-ல் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி வேறு வேறு பிரெயில் முறைகள். ஓரிடத்தில் அச்சிட்ட புத்தகம் இன்னோர் இடத்தில் உதவாது. 1951-ல் யுனெஸ்கோ பெய்ரூட்டில் கூட்டிய மாநாட்டை ஒட்டி, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் சர் குளூதா மெக்கன்சி. நியூசிலாந்துக்காரர், முதல் உலகப் போரில் கலிப்போலியில் பார்வையை இழந்தவர்.

பாரதி பிரெயில் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கவில்லை, ஒலியைப் பார்த்தது. ‘த’வுக்கு ஆங்கில ‘டி’யின் புள்ளிகள், ‘ம’வுக்கு ‘எம்’மின் புள்ளிகள். ‘கொ’ என்றால் முதலில் க, பிறகு ஒ. அச்சிலே நாம் என்ன செய்கிறோம்? முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். பாமினியும் அதே வரிசையில்தான் என், எஃப், ஹெச் என்று சேமித்தது. கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது. ஆனால் காதுக்கு முதலில் வருவது ‘க’. (பிரெயிலிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: புள்ளி மெய்க்கு முன்னால் வரும்.)

கணினி உலகில் ஒலி வரிசையைக் கொண்டுவந்தது யூனிகோடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ‘க’வுக்குப் பிறகே ஒகரக் குறி. நாம்தான் அவசரப்படவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது, நல்ல விஷயம். கூடவே வந்த டாம், டாப் குறியீடுகள் எழுத்து வடிவத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. அதே ஆண்டு மே மாதம், இணையப் பக்கங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட எப்படி அமைய வேண்டும் என்ற முதல் சர்வதேச வழிகாட்டு நெறிகள் வெளியாயின. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010 ஜூனில், நம் பக்கத்தூர் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில். நடுவில் ஓடிய பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை பாடங்கள், எத்தனை குறிப்புகள் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கும்!

குரல் பக்கம் வேலை வேகமாக நடந்தது. விலைக்கு விற்ற திரைவாசிப்பான்கள் பல பத்தாயிரம் ரூபாய். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரு இளைஞர்கள் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும், இயந்திரத்தனமாக. இயல்பான குரலுக்குச் சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியும் பிற நிறுவனத்தாரும் சேர்ந்து உழைத்தார்கள். பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடாக மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டர் இலவசமாகக் கிடைத்தது.

சட்டமும் வழிவிட்டது. 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, பார்வையற்றோருக்காகப் புத்தகத்தை ஒலியாகவோ பிரெயிலாகவோ மாற்றப் பதிப்பாளரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகத்தில் ஒலி விவரிப்பு, சைகை மொழி, வசன வரிகள் வேண்டும் என்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்காக என்சிஇஆர்டி பாடநூல்களைச் சைகை மொழியில் கொண்டுவர 2020 அக்டோபரில் ஒப்பந்தமானது.

எழுத்து ஓரளவு வாசிக்கக் கிடைத்தபோது பாடமே எழுத்தைத் தாண்டிவிட்டது. 2018-ல் வந்த நம் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு. செல்போனைக் காட்டினால் வீடியோ. அருமையான முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கட்டம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாது. வசன வரி இல்லாத வீடியோ, காது கேளாத பிள்ளைக்கு வாயசைப்பு மட்டுமே. கணக்குப் புத்தகத்தில் ஜியோஜிப்ரா செயல்பாடுகள் இருக்கின்றன: புள்ளியை இழுத்தால் முக்கோணம் மாறும், கோணங்கள் மாறும். இழுப்பதற்கு மவுஸ், பார்ப்பதற்குக் கண் என்று அமைந்தால், திரைவாசிப்பான் அங்கே மறுபடி ஊமை.

அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜியோஜிப்ராவில் அம்புக்குறி விசையாலும் புள்ளியை நகர்த்தலாம். ‘ரீட்டெக்ஸ்ட்’ என்று ஒரு கட்டளையே உண்டு. புள்ளி நகரும்போது ‘கோணம் 60 பாகை’ என்று திரைவாசிப்பானைச் சொல்லவைக்கலாம். செயல்பாட்டைத் தயாரிக்கும் ஆசிரியர்தான் அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும்.