பென்சிற் கரியில் கிருஷ்ணன் கண்டது

1928-இல் கல்கத்தாவில் இராமன் விளைவு கண்டறியப்பட்ட வரலாற்றை எழுதுவோர், உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணனை ஒரு வரியிற் குறித்துவிட்டு அப்பாற் செல்வர். அஃது அவருக்கு இழைக்கும் அநீதியே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த அவ்வறிஞர் பின்னர் நடத்திய ஆராய்ச்சியொன்று, இன்று உலகெங்கும் பேசப்படும் கிராபீனுக்கு முன்னோடியாக நிற்கின்றது.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன் சீவும் பென்சிலில் களிமண்ணோடு கலந்திருக்கும் கரிப்பொருளே கிராபைட். அதில் கரியணுக்கள் தேன்கூட்டறைகளைப் போல் அறுகோணமாக இணைந்து தகடாகி, தகட்டின்மேல் தகடாக அடுக்கப்பட்டுள்ளன. எழுதும்போது தாளில் ஒட்டுவன இவ்வடுக்கிலிருந்து பிரிந்தவையே. கிருஷ்ணனும் அவருடன் பணியாற்றிய கங்குலியும் கிராபைட்டுப் படிகத்தின் காந்தப் பண்பை அளந்தனர். மின்சாரமும் செலுத்திப் பார்த்தனர். தகட்டின் வழியே மின்சாரம் எளிதிற் பாய்ந்தது. தகடுகளுக்குக் குறுக்கேயோ பெரிதும் தடைப்பட்டது. மின்னணுக்கள் தகட்டுப் பரப்பிலேயே தளையின்றித் திரிகின்றன என்னும் உண்மை 1939, 1941-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவர்கள் கட்டுரைகளால் துலங்கிற்று.

1947-இல் வாலஸ் என்பார் ஒற்றைத் தகட்டைக் கணிதத்தால் ஆராய்ந்தார். 2004-இல் மான்செஸ்டரில் கைமும் நோவொசெலோவும் ஒட்டுநாடாவால் அதனை உரித்தே எடுத்தனர். அதுவே கிராபீன். 2010-இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஓரணுத் தடிப்பே உடைய அத்தகடு தன்மேல் விழும் வெள்ளொளியில் நூற்றுக்கு 2.3 பங்கை விழுங்குகின்றது. அவ்வொளியைப் பெற்ற மின்னணு மேல்நிலைக்குத் தாவும். ஒளி மிகக் கடுமையானால் மேலிடங்கள் நிரம்பிவிட, எஞ்சிய ஒளி தடையின்றிச் செல்லும். பந்தி நிறைந்தபின் வந்தோர் அமர இடமின்றி அப்பாற் செல்வது போல என்க. பிரிக்பீல்ட்சுக்கு அதிகத் தொலைவில்லாத மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2010-க்குப் பின் நடந்த லேசர் ஆய்வுகள் இப்பண்பையே பயன்கொண்டன. கண்ணாடியிழை வளையத்தில் சிறிது கிராபீனை வைத்தால் மெலிந்த ஒளி விழுங்கப்படும். வலிய ஒளி மட்டும் தப்பிச் சுற்றிவரும். இவ்வாறு தொடரொளி துடிப்புகளாகின்றது.

மின்னணுவின் நிலையை மட்டுமன்றி, செல்லும் திசையையும் ஒளி மாற்றவல்லது. திருகு போலச் சுழன்று வரும் ஒளி கிராபீன்மேற் பட்டால், காந்தமின்றியே மின்னணுக்கள் பக்கவாட்டில் விலகும் என்று 2009-இல் ஜப்பானிய அறிஞர் ஓகாவும் ஆவோகியும் கணித்துக் கூறினர். ஹாம்பர்க் நகர ஆய்வாளர் அதனைச் செய்துகாட்டி 2020-இல் வெளியிட்டனர். ஒளியின் சுழற்சியை இடவலமாக மாற்றியபோது மின்னணுக்கள் விலகிய பக்கமும் மாறிற்று. அவ்வொளித் துடிப்பு நீடித்ததோ, ஒரு நொடியை இலட்சங்கோடிக் கூறிட்டால் அதில் ஒரு கூற்றுக்கும் குறைவு!