124 வருஷம் யூசர், ஒரே வாரத்தில் அட்மின்: கேலடெட் பல்கலைக்கழகத்தின் கதை

எபிசோடைக் கேட்காமல் இங்கே எழுத்தில் படிப்பவர்களுக்கு இந்த வாரம் ஸ்பெஷல் வணக்கம். ஏன்னா இன்னிக்கு நாம பார்க்கப்போறது காது கேளாத மாணவர்களுக்காகவே நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் கேலடெட் பல்கலைக்கழகம். தனியார் பல்கலைக்கழகம்தான், ஆனால் மத்திய அரசின் நிதியும் உண்டு. ரொம்பச் சின்னது. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பலவற்றில் இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

எந்தக் காலேஜ் வெப்சைட்டைத் திறந்தாலும் ரெண்டு மெனு கண்டிப்பா இருக்கும். ஒன்று, என்னென்ன கோர்ஸ் இருக்கு. இன்னொன்று, மாணவர் சேவைகள்: ஹாஸ்டல், கவுன்சலிங், பிளேஸ்மென்ட், கடைசியில் எங்கேயோ ஒரு மூலையில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி மையம். கேலடெட்டில் அந்தக் கடைசி ஐட்டம்தான் முழுப் பல்கலைக்கழகமும். மற்ற இடங்களில் காது கேளாத மாணவருக்காக வகுப்பில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பார். இங்கே பேராசிரியரே சைகை மொழியில் பாடம் எடுப்பார். கேன்டீன் அரட்டையும் அதே மொழியில்தான்.

இவ்வளவு நல்ல இடம்தானே, அப்புறம் என்ன பிரச்சினை? 1864-லிருந்து 1988 வரை, 124 வருஷம், இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் நாற்காலியில் காது கேளாத ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. சேவை எல்லாம் அவர்களுக்கு. முடிவு எல்லாம் மற்றவர்களுக்கு.

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் ரெண்டு பேர். ஒருவர் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட், காது கேட்பவர். இன்னொருவர் லோரான் க்ளேர், பிரான்ஸிலிருந்து வந்த ஆசிரியர், காது கேளாதவர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. அமெரிக்காவில் இந்தக் கல்வி வேர்விட்டபோதே, பாடம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் காது கேளாத ஒருவர் இருந்தார்.

தாமஸின் மகன் எட்வர்ட் மைனர் கேலடெட். அம்மா சோஃபியாவுக்குக் காது கேட்காது. அதனால் எட்வர்டுக்குச் சைகை மொழி வீட்டு மொழி. 1857-இல் வாஷிங்டனில் ஏமோஸ் கெண்டல் என்பவர் கொடுத்த நிலத்தில் ஒரு பள்ளி தொடங்கியபோது, அதை நடத்த எட்வர்டைக் கூப்பிட்டார்கள். வயசு வெறும் 20. பள்ளியோடு நிறுத்தாமல், பட்டம் கொடுக்கும் கல்லூரியாக ஆக்க வேண்டும் என்று அவர் நாடாளுமன்றத்தைக் கேட்டார். 1864 ஏப்ரல் 8, உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருக்கும் நேரம், அந்தச் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டார். 1887-இல் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

ஆனால் அதே காலத்தில் உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் காது கேட்கும் ஆசிரியர்கள். இனிமேல் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வாயால் பேசவும் மட்டுமே கற்றுக்கொடுக்க வேண்டும், சைகை வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதை எதிர்த்துப் பேசியவர்களில் எட்வர்ட் கேலடெட்டும் ஒருவர். அதற்குப் பிறகு பல நாட்டுப் பள்ளிகளில் சைகை தடை செய்யப்பட்டது. வகுப்பில் கையை அசைத்த பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. வாஷிங்டன் கல்லூரியில் அந்த மொழி தப்பித்தது.

அப்ப எட்வர்ட் ஹீரோவா? பாதி ஹீரோ. 1891-இல் அதே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு ஒன்று தொடங்கினார். அதில் சேர்ந்தது காது கேட்கும் மாணவர்கள். காது கேளாதவர்களுக்குப் பாடம் எடுக்கும் பயிற்சியில், காது கேளாதவர்களுக்கே இடமில்லை! தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், காது கேளாதவர்கள் ஆசிரியர்கள் ஆவதையே எதிர்த்தவர். அந்த அழுத்தமும் இதில் சேர்ந்திருந்தது. யூசர் லிஸ்டில் பெயர் இருக்கு, அட்மின் லிஸ்டில் இல்லை. இந்தப் பேட்டர்ன் அடுத்த நூறு வருஷமும் தொடர்ந்தது.

ஆனால் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. 1894-இல் கேலடெட்டின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பால் ஹப்பர்ட் என்றொரு வீரர். எதிரணியும் சைகை தெரிந்த அணி என்றால், இவர் சொல்லும் திட்டத்தைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்கள். அதனால் வீரர்களை வட்டமாக நிற்க வைத்து, நடுவில் கையை மறைத்துச் சைகை காட்டினார். அந்த விளையாட்டின் 'ஹடில்' இப்படித்தான் பிறந்தது என்று சொல்வார்கள். இப்ப ஐடி கம்பெனிகளில் ஸ்லாக்கில் தினமும் ஹடில் போடுறோமே, அதே வார்த்தைதான். கண்ணால் பேசுபவர்கள் கண்டுபிடித்த ஒன்று, இன்று ஹெட்செட் மாட்டிப் பேசும் மீட்டிங்கின் பெயர்.

அடுத்தது 1955. வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆங்கிலப் பேராசிரியர் கேலடெட்டுக்கு வந்தார். காது கேட்பவர். சைகை மொழியைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் சைகை என்றால் 'உடைந்த ஆங்கிலம்', ஏதோ கை ஜாடை என்ற எண்ணம் கேலடெட்டுக்கு உள்ளேயே இருந்தது. ஸ்டோக்கி கவனித்துப் பார்த்தபோது அதற்குள் ஒரு ஒழுங்கு தெரிந்தது. தமிழில் 'கல்', 'பல்' எடுத்துக்கோங்க. ஒரே ஒரு ஒலி மாறினால் அர்த்தம் மாறுது. அமெரிக்கச் சைகை மொழியிலும் அப்படித்தான். விரித்த கையின் கட்டைவிரலை நெற்றியில் வைத்தால் அப்பா. அதே கையை, அதே மாதிரி தாடையில் வைத்தால் அம்மா. இடம் மட்டும்தான் மாறுது. கையின் வடிவம், இடம், அசைவு என்று பிரித்து, 1960-இல் தன் ஆய்வை வெளியிட்டார். சக ஆசிரியர்கள் பலர் கேலி செய்தார்கள். 1965-இல் டொரத்தி காஸ்டர்லைன், கார்ல் க்ரோனெபெர்க் என்ற காது கேளாத இரு சக பணியாளர்களோடு சேர்ந்து அகராதியும் கொண்டுவந்தார். இது முழுமையான மொழி என்பதை உலகம் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது.

இந்த நேரத்தில் இன்னொரு கதவும் திறந்தது. 1954-இல் ஆண்ட்ரூ ஃபாஸ்டர் கேலடெட்டில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின மாணவர் ஆனார். கல்லூரி தொடங்கி 90 வருஷம் கழித்து! பிறகு அவர் ஆப்பிரிக்கா போய், கானாவில் தொடங்கி, பல நாடுகளில் காது கேளாதோர் பள்ளிகளை உருவாக்கினார்.

இப்ப 1988 மார்ச்சுக்கு வருவோம்.

தலைவர் பதவி காலி. இறுதிப் பட்டியலில் மூணு பேர். அதில் ரெண்டு பேர் காது கேளாதவர்கள். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் மார்ச் 1 அன்று பெரிய பேரணி நடத்தி, 'இந்த முறை எங்களில் ஒருவர்' என்று கேட்டார்கள். மார்ச் 6, ஞாயிறு. நிர்வாகக் குழு மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுத்தது: எலிசபெத் ஜின்சர். காது கேட்பவர், சைகை மொழி தெரியாதவர். குழுவின் தலைவர் ஜேன் ஸ்பில்மனுக்கும் சைகை மொழி தெரியாது.

மறுநாள் காலையில் மாணவர்கள் வண்டிகளைக் குறுக்கே நிறுத்திக் கேட்டை மூடினார்கள். கோரிக்கை நான்கு: காது கேளாத தலைவர் வேண்டும், ஸ்பில்மன் விலக வேண்டும், நிர்வாகக் குழுவில் 51 சதவீதம் காது கேளாதவர்கள் இருக்க வேண்டும், போராடியவர்கள் மேல் நடவடிக்கை கூடாது. ஸ்பில்மன் அரங்கில் பேச வந்தபோது தீயணைப்பு அலாரம் அலறியது. இந்தச் சத்தத்தில் எப்படிப் பேசுவது என்று அவர் கேட்க, 'என்ன சத்தம்?' என்று கூட்டம் சைகையில் திருப்பிக் கேட்டது.

புதன்கிழமை இரவு ஏபிசி தொலைக்காட்சியின் நைட்லைன் நிகழ்ச்சியில் ஜின்சரும், மாணவர் தலைவர் கிரெக் ஹ்லிபாக்கும், காது கேளாத ஆஸ்கர் நடிகை மார்லி மாட்லினும் வந்தார்கள். நாடே பார்த்தது. இறுதிப் பட்டியலில் இருந்த ஐ. கிங் ஜோர்டன், முதலில் குழுவின் முடிவை ஏற்றுக்கொண்டவர், வியாழக்கிழமை மனம் மாறி மாணவர்கள் பக்கம் வந்தார். அன்று இரவே ஜின்சர் விலகினார். வெள்ளிக்கிழமை ஆயிரக்கணக்கானோர் நாடாளுமன்றம் நோக்கி நடந்தார்கள். மார்ச் 13, ஞாயிறு: ஸ்பில்மன் விலகினார். காது கேளாதவரான ஃபில் ப்ராவின் குழுவின் தலைவர் ஆனார். 21 வயதில் பைக் விபத்தில் கேட்கும் திறனை இழந்த ஜோர்டன், பல்கலைக்கழகத்தின் எட்டாவது தலைவர் ஆனார். நான்கு கோரிக்கையும் ஓகே. எடுத்துக்கொண்டது ஒரு வாரம்.

1990-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமெரிக்காவில் வந்ததற்கு இந்த வாரமும் ஒரு உந்துதல் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

சுபம் போட்டு முடிச்சிடலாமா? முடியாது. 2006-இல் ஜோர்டனுக்கு அடுத்த தலைவராக ஜேன் ஃபெர்னாண்டஸ் அறிவிக்கப்பட்டார். அவரும் காது கேளாதவர்தான். இருந்தும் தேர்வு நடந்த விதத்தையும் அவருடைய தலைமையையும் எதிர்த்து மாணவர்கள் மறுபடி கேட்டை மூடினார்கள். போராட்டத்தால் பதவிக்கு வந்த அதே ஜோர்டனின் நிர்வாகத்தில், நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கடைசியில் குழு அந்த நியமனத்தைத் திரும்பப் பெற்றது. நம்மாள் ஒருத்தர் மேலே போய் உட்கார்ந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு இல்லை. கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்டால் அது மேலே போய்ச் சேருதா என்பதும் முக்கியம்.

முடிவெடுக்கும் இடத்தில் அவர்களே இருந்தால் என்ன மாறும்? கட்டடமே மாறும். 2005-க்குப் பிறகு கேலடெட்டில் 'டெஃப்ஸ்பேஸ்' என்ற வடிவமைப்பு முறை உருவானது. ரெண்டு பேர் நடந்துகொண்டே சைகையில் பேச அகலமான நடைபாதை வேண்டும். கை இரண்டும் பேச்சில் இருக்கும்போது கதவு தானாகத் திறக்க வேண்டும். கைகள் தெளிவாகத் தெரியும் நிறத்தில் சுவர் வேண்டும். எதிரே வருபவரைப் பார்க்க முடியாத திருப்பங்கள் குறைய வேண்டும். இதெல்லாம் உதவி மையத்தில் மனு கொடுத்து வாங்கும் சலுகை இல்லை, பிளானிலேயே இருக்கும் விஷயம். காது கேட்பவர் யாரும் கெட்ட எண்ணத்தில் இதை விட்டுவிடவில்லை. தேவைப்படாதவர்களுக்குத் தோன்றவே தோன்றாது, அவ்வளவுதான்.

உங்க டீமில் அக்சஸிபிலிட்டி டிக்கெட் ஒண்ணு பேக்லாக்கில் கடைசியில் கிடக்கும், இல்லையா? அடுத்த முறை அதை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதைப் பயன்படுத்தப்போறவங்க யாராவது இந்த மீட்டிங்கில் இருக்காங்களா? கேலடெட் மாணவர்கள் 124 வருஷம் கழித்துக் கேட்டது அதைத்தான்.