கடலுக்கடியில் 55 மூடிகள்

சாக்கடையைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால், அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்துச் சாக்கடையின் கதை எந்த நாவலுக்கும் இளைத்ததல்ல.

அந்நகரத்துக் கழிவுநீர் அரைகுறைச் சுத்திகரிப்போடு நெடுங்காலம் துறைமுகத்திலேயே கலந்துகொண்டிருந்தது. 1985-ல் நீதிமன்றம் குறுக்கிட்டது. 1988 தேர்தலில் ஜார்ஜ் புஷ் அந்த அழுக்குத் தண்ணீரில் படகேறிப் போய், தம்மை எதிர்த்து நின்ற அந்த மாநில கவர்னர் டுகாகிஸைக் கேலி செய்தார். சாக்கடை ஜனாதிபதித் தேர்தலுக்கே வந்துவிட்டது!

டீர் தீவில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. அங்கிருந்து கடலின் அடிப்பாறையைக் குடைந்து 9½ மைல் நீளம், 24 அடி விட்டத்தில் ஒரு சுரங்கம். அதன் கடைசி ஒன்றேகால் மைலில் 55 குழாய்கள் செங்குத்தாக ஏறிக் கடல் தரையில் வாய் திறக்கின்றன. வெளிவரும் நீர் உப்புநீரைவிட லேசானது; மேலே எழும்பும்போதே கடலில் கலந்து கரைந்துவிடும்.

குடைகிற தொழிலாளர் மேல் கடல் பாய்ந்துவிடாதபடி ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு மூடி பொருத்தினார்கள். 65 பவுண்டு கனம். வேலை முடிந்தபின் அவற்றை எடுக்கவேண்டும். எப்போது எடுப்பது என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விளக்கு, ரயில், காற்றுக்குழாய் எல்லாவற்றையும் கழற்றியான பிறகுதான் மூடிகளை எடுக்கப் போனார்கள்! உள்ளே போகவும் வரவும் ஒரே வழி. மறுகோடியில் மூச்சுவிடக் காற்றில்லை.

1999 ஜூலையில் முக்குளிப்பவர்கள் ஐவரை அனுப்பினார்கள். தண்ணீருக்குள் அல்ல, காற்றற்ற இருட்டுக்குள். வண்டி திரும்ப இடமில்லாததால், ஒன்று உள்முகமாகவும் மற்றது வெளிமுகமாகவும் இரண்டு வண்டிகள். திரவப் பிராணவாயுவையும் திரவ நைட்ரஜனையும் கலந்து மூச்சுக் காற்றாக்கும் ஒரு புதுமாதிரி யந்திரம் அவர்களோடு போயிற்று. மூன்று மூடிகளை எடுத்தார்கள். யந்திரம் தந்த காற்றில் பிராணவாயு குறைந்தது. அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இருவர் மாண்டனர், மூவர் அந்த இரண்டு உடல்களோடு வெளியே வந்தனர்.

எஞ்சிய 52 மூடிகள்? கடலின் மேலிருந்து ஒரு குழாயைத் திறந்து, அதன் வழியே உறிஞ்சிச் சுரங்கத்துக்குள் நல்ல காற்றை வரவழைத்தார்கள். பிறகு ஆட்கள் உள்ளே போய், சாதாரணமாக மூச்சுவிட்டுக்கொண்டே அவற்றைக் கழற்றினார்கள். 2000 செப்டம்பர் 6-ம் தேதி சுரங்கத்தில் நீர் ஓடத் தொடங்கியது.